பவளமுத்து அண்ணாச்சியின் பச்சைப் புள்ளி

பவளமுத்து அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில், தொப்புளுக்கு இரண்டு விரல் வலப்பக்கமாக விழுந்த பச்சைப் புள்ளி, சந்தனமாரி லேசர் லைட்டின் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் அணையாமல் அங்கேயே நின்றபோது, தொழிலாளர் ஆபீஸ் வராந்தாவில் மணி பகல் பதினொன்றே கால், வெயில் படிக்கட்டு வரைக்கும் ஏறியிருந்தது, டீக்கடைக்காரர் காலிக் கிளாஸ்களைக் கம்பிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார், ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பொத்தான் மாட்டிக்கிட்டு நிக்கும், ஒரு தட்டு தட்டு" என்றார் டீக்கடைக்காரர்.

சந்தனமாரி லைட்டைச் சுவரில் தட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருகிக் கழற்றினாள். புளியங்கொட்டை மாதிரி மூன்று பேட்டரிகள் உள்ளங்கையில் விழுந்தன. லைட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளியும் நின்றாள். புள்ளி அண்ணாச்சியின் வயிற்றிலேயே இருந்தது. அண்ணாச்சி சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுவதுபோல அதைத் தட்டிவிட்டார், பிறகு கைக்குட்டையால் துடைத்தார், பிறகு "வேல கெட்ட பொம்பள" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிக் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை, கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பச்சை தெரிந்தது.

சந்தனமாரி அவருடைய குடோனில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். அந்தத் துறைமுக ஊரின் உப்புக்கிடங்குத் தெருவில் இருந்தது குடோன். கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்தால் விரல் நீள லேசர் லைட்டுகள், சாவிக்கொத்துச் சங்கிலியோடு, குவியல் குவியலாகக் கொட்டும். கோயில் கொடைத் திருவிழாக் கடைகளுக்கும் பள்ளிக்கூட வாசல்களுக்கும் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டிகளுக்கும் அங்கிருந்துதான் போகும். குடோனில் நாலு பெஞ்சு, எட்டு வருஷமும் அதே நாலு பெண்கள். சந்தனமாரி, பிலோமி, மும்தாஜ், கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத நெட்டையான சுடலைவடிவு. ஒவ்வொரு லைட்டாக எடுத்து, பொத்தானை அமுக்கி, இருபதடி தள்ளியிருக்கும் வெள்ளைச் சுவரில் புள்ளி வட்டமாக விழுகிறதா, நடுங்காமல் நிற்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். மங்கலாக இருந்தால், விரலை எடுத்துவிட்டு, லைட்டின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்த்துப் பஞ்சால் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் ஸ்டிக்கர். 'ஐந்து மில்லிவாட்டுக்குள். தரம் சோதிக்கப்பட்டது. கண்ணுக்குப் பாதுகாப்பானது.' மில்லிவாட்டை அளக்க ஒரு கருவி இருக்கிறது என்பதே அந்த நாலு பேருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அண்ணாச்சி, அவர் அதை வாங்கவில்லை.

மட்டச் சரக்கில் பொத்தான் சில சமயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு செவ்வாய்க்கிழமை, விரலை எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் சந்தனமாரி ஒரு லைட்டின் வாய்க்குள் பார்த்தாள், லைட்டு அவளைப் பார்த்தது. கண் சிமிட்டும் நேரம்தான். வலி இல்லை. ஆனால் அதிலிருந்து, எதை நேராகப் பார்த்தாளோ அது மட்டும் இல்லாமல் போனது, அதைச் சுற்றியிருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. இடது கண் சின்ன வயதில் அம்மை வார்த்ததிலேயே மங்கிப்போனது. அவளுக்கு உருப்படியாக இருந்தது வலது கண்தான். இப்போது புருஷன் வேல்ச்சாமியின் முகத்தை நேராகப் பார்த்தால் காதும் தலைமுடியும் தெரியும், நடுவில் புகை. முகம் வேண்டுமென்றால் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். மீன்காரி "என்ன நக்கலா பாக்கே?" என்று சண்டைக்கு வந்தாள். பஸ்ஸில் ஓர் ஆண் இளித்தான். கண் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, விழித்திரையின் நடு வெந்துபோயிருக்கிறது, அது திரும்ப வராது என்று சொன்னார். அவள் சொல்லித்தான் மற்ற மூவரும் போய்க் காட்டினார்கள். பிலோமிக்குப் பைபிளில் எழுத்து உடைந்து உடைந்து தெரிந்தது, மும்தாஜுக்குக் கதவு நிலை வளைந்து நின்றது, சுடலைவடிவு ஊசி கோக்க முடியாமல் பல மாதமாகத் தவித்துக்கொண்டிருந்ததை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நஷ்டஈடு கேட்டுச் சந்தனமாரி தொழிலாளர் ஆபீஸில் மனு கொடுத்தாள். விசாரணையில் அண்ணாச்சி எழுந்து நின்று, "சார், இந்தப் பொம்பளைக்குச் சின்னதுலயே கண்ணு கோளாறு. ஊருக்கே தெரியும். இது பச்சப்புள்ளைய வெளையாடுத சாமான். ஸ்டிக்கரப் பாருங்க" என்றார். அதிகாரி ஸ்டிக்கரைப் பார்த்தார். சந்தனமாரியிடம் அதற்கு எதிராக ஒரு காகிதமும் இல்லை. மனு தள்ளுபடியானது. சாட்சிக்காக மேஜையில் வைத்திருந்த லைட்டை யாரும் எடுக்கவில்லை, அவள் எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் அவருக்குக் குறுக்கே போய் நின்று, "அண்ணாச்சி, ஒரு நிமிஷம். கடைசியா ஒண்ணு டெஸ்ட் பண்ணிக்கிடுதேன்" என்றாள். அவர் சட்டை அந்த வெள்ளைச் சுவர் மாதிரியே இருந்தது. அதில் வெளிச்சம் அடிக்கும்போது அவள் மனதில் ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. இது இவர் மேலேயே நிக்கணும்.

நின்றது. குளித்தாலும் நின்றது. போர்வைக்கு மேலேயும் தெரிந்தது, போர்வைக்குள்ளேயும் தெரிந்தது. எவர்சில்வர் தட்டை வைத்து மறைத்தால் தட்டின் முதுகில் ஒரு புள்ளி, தட்டுக்கு அடியில் தோலில் ஒரு புள்ளி. மறுநாள் பதினொன்றே காலுக்கு, அண்ணாச்சி குடோனை ஒட்டிய தன் கடையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, புள்ளி ஒரு விரற்கடை மேலே ஏறியது. அதற்கு மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு விரற்கடை.

மூன்றாம் நாள், எதிர்க்கடை அந்தோணி டெய்லர் நாடாவோடு வந்தார். சட்டையில் சாக்பீஸால் நேர்கோடு இழுத்தார்; நெஞ்சு வழியாகப் போய், கழுத்தின் வலப்பக்கம், தாடை, கன்னம் என்று ஏறியது கோடு. கடைசியில் நாடாவை அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னவே, சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இன்னைக்குப் போவ இன்னும் முப்பது நாளு. நேரா வலது கண்ணுக்குத்தான் வருது."

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. மழைக்காலம் வரும், கப்பல் வரும், அண்ணாச்சியின் புள்ளி ஏறும். டீக்கடைச் சிலேட்டில் வடை, பஜ்ஜிக்குக் கீழே மிச்சமிருக்கும் நாட்களை எழுதினார்கள். பதினொன்றே காலைத் தெரிந்துகொள்ள யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, அண்ணாச்சி கடையைப் பார்த்தார்கள். மினிபஸ் கண்டக்டர் "பச்சப்புள்ளி, பச்சப்புள்ளி, எறங்குறவங்க வாங்க" என்று கூப்பிட்டார். மீன் மார்க்கெட்டுப் பூனைகள் அத்தனையும் உப்புக்கிடங்குத் தெருவுக்குக் குடிவந்தன. முதல் வாரம் அவர் மடியில் தாவின, இரண்டாம் வாரம் மேஜையில் ஏறி நெஞ்சில் தாவின. அவர் ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாம்பல் பூனை மார்பில் தொங்கும், அவரும் பேச்சை நிறுத்தாமல் அதைப் பிய்த்துக் கீழே விடுவார். மறைக்கலாம் என்று ஒரு நாள் கறுப்புச் சட்டை போட்டார். மத்தியானத்துக்குள் சட்டையில் குண்டூசித் துளை விழுந்து, துணி கருகும் வாசனை தெரு முழுக்க வந்தது.

அப்போதும் அண்ணாச்சி அசரவில்லை. "பாத்தியளா, எனக்கு என்ன ஆச்சு? என் லைட்டுதான் என் மேல நிக்கி. அஞ்சு மில்லிவாட்டு. பச்சப்புள்ளைக்குக்கூட ஒண்ணும் செய்யாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் குடோனில் இருக்கும் ஸ்டிக்கர் அத்தனையும் பொய்யாகிவிடும்.

டெய்லர் அளந்ததற்கு மறுநாளே, நாலாம் நாள், சந்தனமாரி அவர் கடைக்கு வந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் லாரன்ஸ் சாரிடம் கெஞ்சி வாங்கிய கருவி கையில் இருந்தது. சோப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பா, அதிலிருந்து வயர், வயரின் நுனியில் கறுப்புக் காசு மாதிரி ஒரு வட்டம். வெளிச்சம் அந்த வட்டத்தில் விழுந்தால் டப்பாவில் எண் தெரியும் என்று சார் காட்டிக் கொடுத்திருந்தார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"எதுக்கு வந்தே?" என்றார் அண்ணாச்சி.

"டெஸ்ட் பண்ண. நீங்கதான அதிகாரிகிட்ட சொன்னிய, எல்லாம் டெஸ்ட் பண்ணுன சரக்குன்னு. பண்ணிருவோம்."

அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சந்தனமாரி குனிந்து வட்டத்தைப் புள்ளியின் மேல் வைத்தாள், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் எண்ணைப் படித்தாள், நிமிர்ந்து தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டுன்னா என்னக்கா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ஸ்டிக்கர்ல போட்டிருக்கது அஞ்சு. இதுல இருக்கது அறுபத்தெட்டு. ஒரு கரண்டி ஊத்துதேன்னு சொல்லிட்டு ஒரு குடம் ஊத்துனா எப்படியோ அப்படி. கண்ணுக்குள்ள."

கருவியை எடுக்கும்போதுதான் அது நடந்தது. அவள் கை புள்ளிக்குக் குறுக்கே வந்தது, அவள் உள்ளங்கையில் பச்சை விழுந்தது, அண்ணாச்சியின் சட்டை அந்த ஒரு கணம் வெறும் சட்டையாக இருந்தது. தட்டு தடுக்கவில்லை, போர்வை தடுக்கவில்லை, அண்ணாச்சியின் சொந்தக் கையும் தடுக்கவில்லை. அவள் கை தடுத்தது. உள்ளங்கை சுள்ளென்றது. அவள் சட்டென்று கையை இழுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். யாரும் கவனித்திருக்கவில்லை. அண்ணாச்சியும் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் வேல்ச்சாமி அவள் கையைப் பார்த்தான். "என்னட்டி அது, செவந்து கெடக்கு?"

"மீன் முள்ளு."

அவர்கள் வீட்டில் அன்று மீன் இல்லை, சாம்பார். வேல்ச்சாமி மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

அதன்பிறகு தினமும் அவள் போனாள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, துவைத்த சேலை கட்டி, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி போனாள். பதினொன்றே காலுக்குப் புள்ளி ஏறும், அவள் வட்டத்தை வைப்பாள், எண்ணைச் சொல்வாள், அறுபத்தெட்டு. பிலோமியும் மும்தாஜும் கூட வந்து நின்றார்கள். சுடலைவடிவு இரண்டு நாள் வந்தாள், பின்வரிசையில் நின்றாள், பிறகு அக்காள் அழைத்தாள் என்று கண் வைத்தியத்துக்கு மதுரைக்குப் போய்விட்டாள். தெருவிலிருந்தவர்கள் எண் சொல்லப் பழகிவிட்டார்கள். சந்தனமாரி வாயைத் திறக்கும் முன்னமே "அறுபத்தெட்டு" என்று ஒரு நூறு குரல் சொன்னது. வீட்டுக்குப் போனவர்கள் பிள்ளைகளின் பைகளைக் கொட்டி லைட்டுகளைத் தேடி எடுத்தார்கள். யாரோ ஒருவர் தார் டின் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணாச்சியின் கடைவாசலில் வைத்தார், அதில் ஒன்று விழுந்தது, பத்து விழுந்தது, கொடைக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூடப் போட்டுவிட்டுப் போனார்கள், டின் நிறைந்து இரண்டாவது டின் வந்தது. சர்ச்சில் ஞாயிறு பூசையில் சாமியார் அறுபத்தெட்டாம் சங்கீதத்தைப் படித்தபோது சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மருந்துக்கடையில் கறுப்புக் கண்ணாடி தீர்ந்துபோனது; அண்ணாச்சியோடு பேசுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் பேசினார்கள்.

சந்தனமாரி அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். கண் போன நாளிலிருந்து அவள் நெஞ்சில் ஒரு கல் உருண்டுகொண்டே இருந்தது. ஒவ்வொரு விரற்கடைக்கும் அது கொஞ்சம் கரைந்தது. சில சமயம் உள்ளங்கையைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்ப்பாள், நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்ப்பாள். தன்னால் இதை நிறுத்த முடியும் என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது. நிறுத்தாமல் இருக்கிறோம் என்ற நினைப்பு அதைவிட இனித்தது.

புள்ளி தாடையில் ஏறிய நாளில் அண்ணாச்சி சவரம் செய்துகொள்ள மறுத்துவிட்டார். கன்னத்துக்கு வந்தபோது, ஓரத்தில் எப்போதும் ஒரு பச்சை ஒளி, சாப்பிடும் இட்லியும் பச்சை, பார்க்கும் ஆளும் பச்சை. அன்று காலை அவர் மனைவி ஜெயக்கொடி சந்தனமாரியின் வீட்டுக்கு வந்தாள். காரை முனையிலேயே நிறுத்திவிட்டு, சாக்கடைப் பலகையைத் தாண்டி நடந்தே வந்தாள். சந்தனமாரி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"லைட்ட அணச்சிரும்மா. அவிய ரெண்டு நாளா சோறு திங்கல" என்றாள் ஜெயக்கொடி.

"எனக்கு ஒரு வருஷமா அவிய முகமே தெரியல" என்றாள் சந்தனமாரி, வாசலில் நின்ற வேல்ச்சாமியைத் தாடையால் காட்டி.

"நான் என்ன செய்யணும், சொல்லு. கால்ல விழணுமா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அண்ணாச்சி அந்த ஆபீஸுக்கு வரணும். சரக்க யாரும் அளக்கலைன்னு சொல்லணும். ஸ்டிக்கர் பொய்யின்னு சொல்லணும். நாலு பொம்பளைய கண்ணு என் பெஞ்சுலதான் போச்சுன்னு, எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரி கையில குடுக்கணும்."

"குடுத்தா அணச்சிருவியா?"

சந்தனமாரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஜெயக்கொடி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள். சந்தனமாரியும் அவள் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தாள்.

முப்பத்து மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அண்ணாச்சி தொழிலாளர் ஆபீஸ் படியேறினார். புள்ளி அவருடைய வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. ஊர் கூடியிருந்தது, மரத்தில் ஆள், மதில் மேல் பூனை. அவர் சொன்னார், கேட்டவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நான் எதையும் அளக்கவில்லை, ஸ்டிக்கரை அச்சடித்தது நான், என் குடோனில் நாலு பெண்களுக்குக் கண் போனது, தெரிந்தும் மறைத்தேன். எழுதினார். கையெழுத்துப் போட்டார். அதிகாரி காகிதத்தை வாங்கி முத்திரை குத்தி, முன்பு தள்ளிய மனுவைத் திரும்ப எடுப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி வராந்தாவுக்கு வந்து சந்தனமாரியின் முன்னால் நின்றார். மணி பதினொன்று ஐந்து.

"நீ கேட்டதெல்லாம் செஞ்சிட்டேன். அணை."

"நான் அன்னைக்கே அணைச்சிட்டேன் அண்ணாச்சி. பேட்டரியக் கழத்துனத நீங்கதான பாத்திய."

அவர் முகம் சுருங்கியதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அண்ணாச்சி சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். கண்ணீர் புள்ளியின் மேல் இறங்கியபோது பச்சையாக இறங்கியது. "அப்ப எதுக்கு என்ன இங்க கூட்டிட்டு வந்தே? எதுக்கு?" என்றார். ஜெயக்கொடி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது, என்ன செய்யப்போகிறோம் என்று சந்தனமாரிக்கே தெரிந்திருக்கவில்லை. வரும் வழியெல்லாம் கையைத் தலைப்புக்குள் பொத்தி வைத்துக்கொண்டே வந்தாள். இப்போது அந்தக் கை தானாக வெளியே வந்தது, உயர்ந்தது, அவர் முகத்துக்கு முன்னால் நான்கு விரல் தள்ளி நின்றது. பச்சை அவள் உள்ளங்கைக்கு வந்தது. முப்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக அண்ணாச்சியின் உடம்பில் எங்கேயும் புள்ளி இல்லை. ஊரே ஒன்றாக மூச்சுவிட்டது.

"ஒனக்கு முடியுமா?" என்றார் அவர். "இவ்வளவு நாளா ஒனக்கு முடிஞ்சிருக்கா?"

"முடியும். பதினொண்ணே கால் தாண்டுற வரைக்கும் கைய இப்பிடியே வச்சிருக்கேன். அது என் கையிலேயே ஏறிப் போயிரட்டும். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுதேன், என்ன வேணும்னாலும் சொல்லுதேன்."

"காயிதத்துல நாலு பொம்பளையன்னு எழுதுனிய. நாலு பேரு பேரையும் சொல்லுங்க."

அண்ணாச்சி சிரிக்கவே செய்தார், அவ்வளவு லேசான கேள்வி. "சந்தனமாரி" என்றார் உடனே. "பிலோமி. சர்ச்சுல பாடுவாள்ள, பிலோமி. அந்தா நிக்கா." மூச்சு வாங்கினார். "மும்தாஜு. நோம்புக்கு லீவு கேட்டு வருவா."

"இன்னொருத்தி."

"கடைசி பெஞ்சு."

"பேரு."

"நெட்டையா இருப்பா. ஒண்ணும் பேச மாட்டா. தெக்க ஏதோ ஊரு." அவர் கூட்டத்தைப் பார்த்தார், அவளைத் தேடினார், அவள் மதுரையில் இருந்தாள். மனைவியைப் பார்த்தார், ஜெயக்கொடிக்கு எப்படித் தெரியும். "வாயில நிக்கி. இந்தா வந்துரும். ஏ பிள்ளன்னுதான் கூப்புடுவேன், எல்லாத்தையும் ஏ பிள்ளன்னுதான கூப்புடுவேன். மாரி, ஒரு நிமிஷம் குடு."

சந்தனமாரி கொடுத்தாள். உள்ளங்கை கொதித்தது, தோல் இழுத்தது, அவள் அசையவில்லை. கூட்டத்தில் பேர் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தோணி டெய்லருக்குத் தெரியும், கண் கெடும்வரை சாயங்காலங்களில் அவருக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தவள் அவள். பிலோமிக்குத் தெரியும், மும்தாஜுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். யாராவது ஒருவர் முணுமுணுத்திருந்தால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருவரும் உதட்டை அசைக்கவில்லை. பூனைகூடக் கத்தவில்லை.

"பார்வதி" என்றார் அண்ணாச்சி. "பார்வதிதான. இல்ல, செல்வி. செல்வியா?"

ஆபீஸ் கடிகாரத்தின் பெரிய முள் மூன்றைத் தொட்டது. சந்தனமாரி கையை எடுத்தாள்.

அவர் கண்ணை இறுக மூடினார், இமை தடுக்கவில்லை. பச்சை ஒரு கண் சிமிட்டும் நேரம் உள்ளே எரிந்தது, பிறகு யாரோ பொத்தானிலிருந்து விரலை எடுத்ததுபோல அணைந்தது. அண்ணாச்சி கத்தவில்லை. கண்ணைத் திறந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, ஜெயக்கொடி இருந்த பக்கம் திரும்பி, "தூணு தெரியுது. நீ எங்கட்டி?" என்று கேட்டார். அவள் அவருக்கு நேர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். பூனைகள் ஒவ்வொன்றாக மதிலிலிருந்து குதித்து மீன் மார்க்கெட்டுப் பக்கம் போயின.

அப்புறம் நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. குடோனுக்குப் பூட்டுப் போட்டார்கள், டின்களை ஏற்றிப்போனார்கள், விசாரணை திரும்ப நடந்தது, தீர்ப்பில் நாலு பெண்களின் பேரும் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. டீக்கடைச் சிலேட்டில் வடை, பஜ்ஜிக்குக் கீழே போண்டா சேர்ந்தது. சந்தனமாரியைப் பார்த்தால் ஊர் இப்போது கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. மீன்காரி சண்டைக்கு வருவதில்லை, நல்ல மீனாகப் பார்த்துப் போட்டாள். வேல்ச்சாமி மட்டும் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

சுடலைவடிவு மதுரையிலிருந்து பத்து நாள் கழித்து வந்தாள். பஸ் ஸ்டாண்டிலேயே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகச் சந்தனமாரியின் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். சந்தனமாரி தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்காமல் செம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாலயாக்கா அவருக்குக் கண்ணு போச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்னால இல்ல. ஒன் பேரு அவருக்குத் தெரியல, அதால போச்சு."

"நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாம்." சுடலைவடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு வார்த்தைதானக்கா. மெதுவா ஒரு எழுத்து எடுத்துக் குடுத்திருந்தாலும் அவரு புடிச்சிருப்பாரு. நானா இருந்தா குடுத்திருப்பேன்."

சந்தனமாரிக்கு அது தெரியும். கடைசி பெஞ்சுக்காரி அன்று மதுரையில் இருந்ததை நினைத்து அவள் சந்தோஷப்பட்டது உண்மை, இப்போதும் அந்தச் சந்தோஷம் அவளுக்குள் குறையாமல் இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. சுடலைவடிவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைச் சாய்த்து, அழுதுகொண்டிருந்த அந்த நீண்ட முகத்தை முழுதாகப் பார்த்தாள்.

"எட்டு வருஷம் குடுத்தோம்லாட்டி அவருக்கு" என்றாள்.